92 அடிக்கிறதோ, 95 அடிக்கிறதோ? – வாகனக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியளில பாதிக்கு மேல பெற்றோலைப் பற்றித்தான், அதுவும் சுத்திச் சுத்தி ஒரே விஷயம், 92 அடிக்கிறதோ 95 அடிக்கிறதோ எண்டு. அதாலை ரயர், பற்றரி, ஏசி கேள்வியளை அடுத்த மாசத்துக்கு ஒதுக்கி வைச்சிட்டு முழுப் பக்கத்தையும் இதுக்கே எடுத்திட்டன், குறை நினைக்காதேங்கோ. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில நிண்டு 2025 பெப்ரவரியிலதான் தனியார் காருக்கு திரும்பத் திறந்தது, திறந்தாலும் விலை எங்கட கைக்கு எட்டுற விலையில்லை, கையில இருக்கிற காரைக் காப்பாத்தோணும் எண்ட கவலையிலதான் சனம் இதைக் கேக்குது எண்டு எனக்கு விளங்குது. கராஜுக்கு வாற ஆக்களும் இதைத்தான் கேக்கினம்.

கேள்வி: எங்களிட்ட 2015 சுசுக்கி வாகன் ஆர் நிக்குது. வாங்கின நாளில இருந்து 92தான் அடிக்கிறம். இப்ப என்ர மனுசன்ர தம்பியார் வந்து "92 அடிச்சு எஞ்சினைப் பழுதாக்கப் போறியள், 95 சுத்தமான பெற்றோல், இழுவையும் கூட" எண்டு சொல்லிப் போட்டுப் போட்டார். அண்டையில இருந்து வீட்டில ஒரே வாக்குவாதம். என்ன செய்ய?
– வாசகி, கோண்டாவில்

தங்கச்சி, 92 அடியுங்கோ. வாக்குவாதம் முடிஞ்சுது எண்டு சொல்லலாம், ஆனா ஏன் எண்டு தெரியாட்டி அடுத்த கிழமை வேற ஆரும் வந்து வேற சொல்லுவினம், அதாலை கொஞ்சம் விளக்கமா எழுதுறன், தம்பியாருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

92, 95 எண்டுறது பெற்றோலின்ர பலமும் இல்லை, சுத்தமும் இல்லை. ஒக்டேன் எண்டுறது பெற்றோல் தானாப் பத்தாமல் எவ்வளவு நேரம் பொறுத்து நிக்கும் எண்ட கணக்கு, அவ்வளவுதான். எஞ்சினுக்குள்ள என்ன நடக்குது எண்டா, காத்தும் பெற்றோலும் கலந்து சிலிண்டருக்குள்ள வருது, பிஸ்டன் மேல வந்து அதை நசுக்குது, நசுக்க நசுக்க சூடு ஏறுது, பிளக் பொறி தட்டின உடன ஒரு பக்கத்தில இருந்து நெருப்பு வரிசையாப் பரவி பிஸ்டனைக் கீழ தள்ளுது. இதுதான் ஒழுங்கு. ஆனா நெருப்பு போய்ச் சேர முதல் மற்ற மூலையில மிச்சமா நிக்கிற கலவை சூட்டையும் அமுக்கத்தையும் தாங்கேலாமல் தானா வெடிச்சுதெண்டா அதுதான் நொக்கிங், எங்கட ஆக்கள் "எஞ்சின் தட்டுது" எண்டு சொல்லுறது. அந்தச் சத்தம் தகரப் பேணிக்குள்ள சில்லறைக் காசைப் போட்டு குலுக்கின மாதிரி இருக்கும், ஒருக்கா கேட்டா மறக்க மாட்டியள். கன நாள் அப்பிடியே ஓடினா பிஸ்டன் சுட்டுப் போகும், ரிங் உடையும்.

கூட நசுக்கிற எஞ்சினுக்கு கூடப் பொறுக்கிற பெற்றோல் வேணும், அதுக்குத்தான் 95. உங்கட எஞ்சின் 92இலயே தட்டாமல் ஓடுதெண்டா 95 அடிச்சு மிச்ச மூண்டு நம்பராலை வாற லாபம் ஒண்டும் இல்லை. ஒரு லீற்றர் 92இல இருக்கிற சக்தியும் ஒரு லீற்றர் 95இல இருக்கிற சக்தியும் ஏறக்குறைய ஒண்டுதான்.

சரி, உங்கட வாகன் ஆருக்கு எது காணும் எண்டு என்னண்டு தெரியும்? பெற்றோல் மூடியிருக்கிற சின்னக் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கோ, ஜப்பான் எழுத்தில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கனபேர் விளங்காத எழுத்து எண்டு அதைத் திரும்பியும் பாக்கிறேல்லை. போனில மொழிபெயர்க்கிற கமராவைப் பிடிச்சா ரெண்டில ஒண்டு வரும், "ரெகுலர்" எண்டு வரும், இல்லாட்டி "ஹை ஒக்டேன்" எண்டு வரும். ஜப்பானில ரெகுலர் பெற்றோலுக்கு அங்கத்தைய தர நிர்ணயப்படி ஆகக் குறைஞ்சது 89 இருந்தாக் காணும், ஹை ஒக்டேனுக்கு 96 வேணும். இப்ப யோசியுங்கோ, 89 காணும் எண்டு செய்து விட்ட எஞ்சினுக்கு நீங்கள் 92 ஊத்துறியள், அதுவே மூண்டு நம்பர் கூட. வாகன் ஆர், அக்குவா, அக்ஸியோ, விட்ஸ், எங்கட ரோட்டில ஓடுற ஜப்பான் கார் முக்கால்வாசிக்கும் இந்தக் கதைதான். அக்குவா வைச்சிருக்கிற ஆக்கள் "அண்ணை, இது கொம்பிரஷன் (நசுக்கிற விகிதம்) 13க்கு மேல எண்டு போட்டிருக்கே, 95 வேணாமோ" எண்டு கேக்கிறவை, வேண்டாம், அந்த ஹைபிரிட் எஞ்சின் வால்வை பிந்திப் பூட்டுற முறையில ஓடுறது, உள்ளுக்கு வந்த காத்தில ஒரு பங்கை திருப்பி விட்டிட்டுத்தான் நசுக்குது, அதாலை பேப்பரில இருக்கிற அளவுக்கு உண்மையில நசுக்குப்படாது. உங்கட வாகன் ஆரில டேர்போ இருக்கிற மொடலுக்கும் ரெகுலர்தான் போட்டிருக்கும், டேர்போ எண்ட உடன 95 எண்டு ஒரு சட்டமும் இல்லை. இந்தியாவில செய்து வாற அல்ட்டோ மாதிரி வண்டியளுக்கும் அங்கத்தைய சாதாரண பெற்றோல் கனகாலமா 91ஆத்தான் இருந்தது, பயப்பிடாமல் 92 அடியுங்கோ.

அமெரிக்காவில ஏஏஏ எண்டு பெரிய வாகன ஓட்டுநர் சங்கம் ஒண்டு இருக்குது, 2016இல அவை ரெகுலருக்கு எண்டு செய்த காருகளில பிரீமியம் பெற்றோல் ஊத்தி ஓட்டிப் பாத்தவை, இழுவையிலயும் இல்லை, கிலோமீற்றரிலயும் இல்லை, புகையிலயும் இல்லை, சொல்லத்தக்க வித்தியாசம் ஒண்டும் காணேல்லை.

காசுக் கணக்கையும் பாத்திடுவம். உங்கட ராங்க் 27 லீற்றர், மாசம் 100 லீற்றர் அடிக்கிறியள் எண்டு வைப்பம், லீற்றருக்கு 40 ரூபா வித்தியாசம் எண்டால் மாசம் 4,000, வருசம் 48,000 ரூபா. விலை மாசா மாசம் மாறுறபடியால் அண்டண்டைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கோ. உந்தக் காசுக்கு மூண்டு பிளக்கையும் நல்லதா மாத்தி, எயார் பில்டரும் மாத்தி, எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாத்தினா எஞ்சினுக்கு அது செய்யிற நன்மை 95 செய்யாது. தம்பியார் உங்கட நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார், கோவிக்காதேங்கோ.

கேள்வி: நான் கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ரெண்டு மாசம் நிக்கிறன். அங்கை எனக்கு 87 காணும், 91 எண்டா பிரீமியம். இஞ்சை ஆகக் குறைஞ்சதே 92 எண்டு இருக்குது, இது எங்கட பிரீமியத்தை விடத் திறமோ? லண்டனில இருந்து வந்த மச்சான் நேர்மாறாச் சொல்லுறார், அங்கை ஆகக் குறைஞ்சதே 95, இஞ்சத்தைய 92 கலப்படம் எண்டு.
– வாசகர், தற்சமயம் நல்லூர்

ரெண்டு பேரும் பிழை விடுற இடம் ஒண்டுதான். நம்பர் ஒண்டு, அளக்கிற முறை வேற. இலங்கை, இந்தியா, ஜப்பான், ஐரோப்பா எல்லாத்திலயும் பம்பில போடுற நம்பர் ரிசேர்ச் ஒக்டேன் எண்ட ஒரு சோதனையில வாறது. அதைவிடக் கடுமையா, கூடச் சூட்டிலயும் கூட வேகத்திலயும் எஞ்சினை ஓட்டிப் பாக்கிற இன்னொரு சோதனை இருக்குது, அதில அதே பெற்றோல் எட்டுப் பத்து நம்பர் குறைச்சுக் காட்டும். கனடாவிலயும் அமெரிக்காவிலயும் ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சு வாற நம்பரைத்தான் பம்பில போடுறவை. எங்கட 92ஐ அங்கை கொண்டு போய் அளந்தா ஏறக்குறைய 87 எண்டு காட்டும், உங்கட 91ஐ இஞ்சை கொண்டு வந்து அளந்தா 95 96 எண்டு வரும். ஆகவே உங்கட ரெகுலர் எங்கட 92, உங்கட பிரீமியம் எங்கட 95, கதை சரி.

மச்சான் சொல்லுற லண்டன் 95 எங்கட 95தான், அளவு ஒண்டு. ஐரோப்பாவில சாதாரணமா விக்கிறதே 95 எண்டபடியால் அங்கத்தைய கம்பனியள் எஞ்சினையும் அதுக்கு ஏத்த மாதிரித்தான் செய்யினம். ஜப்பான்காரர் தங்கட ரெகுலருக்கு ஏத்த மாதிரி செய்யினம். கலப்படம் எண்டு சும்மா சொல்லக்கூடாது, 92 எண்டு விக்கிறது 92ஆ இருந்தா அது நேர்மையான பெற்றோல். நீங்கள் வாடகைக்கு எடுத்தது என்ன கார் எண்டு எழுதேல்லை, மூடியைத் திறந்து பாருங்கோ, இல்லாட்டி கார்க்காரரைக் கேளுங்கோ.

யூரியூப்பில அமெரிக்க வீடியோ பாக்கிற பெடியளுக்கும் இதைச் சொல்ல வேணும், அவன் 91 போடு எண்டு சொன்னா எங்கட பம்பில 95 எண்டு அர்த்தம், 92 காணும் எண்டு நினைச்சு ஊத்திப் போடாதேங்கோ.

கேள்வி: என்னிடம் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒண்டு இருக்குது, அப்பு வாங்கினது, இப்பவும் கோயிலுக்கும் சந்தைக்கும் நானே ஓட்டுறன். பழைய வண்டி எண்டபடியால் நல்ல பெற்றோலாக் குடுப்பம் எண்டு 95 அடிக்கிறன். ஒருத்தர் 95 சூடு கூட, வால்வு எரியும் எண்டார். இன்னொருத்தர் ஈயம் இல்லாத பெற்றோலே அதுக்குக் கூடாது எண்டார். எது உண்மை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

ஐயா, உங்கட கடிதத்தை வாசிக்கேக்க சந்தோசமா இருந்துது. முதலில உங்கட கேள்விக்குப் பதில், பிறகு ஒரு கதை.

95 சூடு கூட எண்டுறது பிழை, அது கூடச் சூட்டில எரியாது, வால்வையும் எரிக்காது. அதே நேரம் அதாலை உங்கட வண்டிக்கு நன்மையும் இல்லை. மொரிஸ் மைனர் எஞ்சின் இப்பத்தைய எஞ்சின் மாதிரி நசுக்கிறேல்லை, 92 தாராளமாக் காணும். டிஸ்ரிபியூட்டர் ரைமிங்கும், அதாவது பிளக் பொறி தட்டுற நேரமும், பொயின்ற் இடைவெளியும் சரியா இருந்தாத் தட்டாது.

ஈயத்தைப் பற்றிச் சொன்னவர் சொன்னதில உண்மை இருக்குது. 1921இல அமெரிக்காவில மிட்ஜ்லி எண்டவர் பெற்றோலில ஈயக் கலவை கொஞ்சம் சேர்த்தா நொக்கிங் நிக்கும் எண்டு கண்டு பிடிச்சவர், பிறகு உலகம் முழுக்க அதைத்தான் ஊத்தினது, எத்தினை கோடி சனத்தின்ர ரத்தத்துக்குள்ள ஈயம் போச்சுது, சின்னப் பிள்ளையளின்ர மூளையை அது பழுதாக்கினது. இலங்கையில 2002இல நிப்பாட்டிச்சினம், உலகத்தில கடைசியா அல்ஜீரியா 2021இல நிப்பாட்டினது. அந்த ஈயம் இன்னொரு வேலையும் செய்தது, வால்வு வந்து குந்துற சீற்றில படிஞ்சு ஒரு மெத்தை மாதிரி நிண்டு தேயாமல் பாத்தது. அந்தக் காலத்து எஞ்சினில சீற் எண்டு தனியா இல்லை, சிலிண்டருக்கு மேல மூடுற ஹெட் இரும்பிலயே வெட்டினது, ஈயம் இல்லாமல் கன தூரம் வேகமா ஓடினா தேயும். நீங்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓடுறதுக்கு லேசில ஒண்டும் வராது. ஆனா அடுத்த முறை ஹெட் கழட்ட வந்தா எக்ஸோஸ்ற் வால்வுக்கு கடினமான சீற் அடிச்சு விடச் சொல்லுங்கோ, பிறகு அந்தக் கவலை இல்லை. வருசத்துக்கு ஒருக்கா டப்பெற் (வால்வு) இடைவெளி பாருங்கோ, இடைவெளி வர வரக் குறைஞ்சு கொண்டு போனா சீற் தேயுது எண்டு அறியலாம்.

இனிக் கதை. 1990இல அரசாங்கத்தின்ர பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில பெற்றோல் எண்டுறது கண்ணால காணக் கிடைக்காத சாமான், இது உங்களுக்குத் தெரியும் ஐயா, இப்பத்தைய பிள்ளையளுக்காகச் சொல்லுறன். நான் அப்ப பதினாறு வயசு, கராஜில வேலை பழகுறன். கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில ஆவியாகாது, பத்தாது, அதாலை ஒரு சின்ன மருந்துப் போத்தலில பெற்றோல் வைச்சிருப்பம், காபரேட்டருக்குள்ள நாலைஞ்சு சொட்டு விட்டு உதைச்சு ஸ்ராட் பண்ணி எஞ்சின் சூடாகின உடன மண்ணெண்ணெயில பிடிச்சுக் கொள்ளும். பிடிக்காட்டித் திரும்பவும் சொட்டு, திரும்பவும் உதை. அந்தப் போத்தலை ஆக்கள் தங்கம் மாதிரிக் காவிக் கொண்டு திரிஞ்சவை. றோட்டு முழுக்க வெள்ளைப் புகை, கண் எரியும், உடுப்பெல்லாம் மணக்கும்.

இப்ப ஒக்டேன் கணக்கில பாத்தா மண்ணெண்ணெய் பெற்றோலுக்குக் கிட்டவும் வராது, துப்பரவாப் பொறுக்காது, தானாப் பத்திப் போடும். பிறகு என்னண்டு அந்தக் காருகள் ஓடினது? ஒஸ்ரின் ஏ40 மாதிரிப் பழைய எஞ்சினுகள் நசுக்கிறதே 7க்குக் கொஞ்சம் மேலதான், அதாலை தாக்குப் பிடிச்சுது. எங்கட மாஸ்டர் டிஸ்ரிபியூட்டரை இடுக்கு ஆணி இளக்கி விரல் நுனியால ஒரு நூல் அளவு திருப்பி ரைமிங்கைப் பின்னுக்கு விடுவார், காதை பொனற்றுக்குக் கிட்ட வைச்சுக் கேப்பார், தட்டுற சத்தம் அடங்கின இடத்தில ஆணியை இறுக்குவார். மீற்றரும் இல்லை ஒண்டும் இல்லை, காதுதான். பிளக்கை ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கழட்டி கரி சுரண்டுறது என்ர வேலை. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால இறங்கி எஞ்சின் ஒயிலோட கலக்கும், டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாத்தா ஒயில் குறையாமல் கூடியிருக்கும், தொட்டுப் பாத்தா தண்ணி மாதிரி. அப்பிடி எத்தினை எஞ்சின் தேஞ்சு போச்சுது. எஞ்சின் கேக்கிறது வேற, நாங்கள் ஊத்துறது வேற எண்டா என்ன நடக்கும் எண்டு நான் அங்கைதான் கண்டன், புத்தகத்தில படிக்கேல்லை.

உங்கட மொரிஸ் மைனர் அந்தக் காலத்தையும் தாண்டி நிக்குது. 92 ஊத்துங்கோ ஐயா, மிச்சக் காசுக்கு ரேடியேற்றரைக் கழுவி ஹோஸ் பைப்புகளை மாத்துங்கோ, எங்கட வெயிலுக்கு அது முக்கியம்.

கேள்வி: நான் ஹயர் ஓடுறன், 2012 அக்ஸியோ. இஞ்சை ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. போன மாசம் நாலு பேரையும் சாமானையும் ஏத்திக் கொண்டு கண்டிக்கால நுவரெலியா போகேக்க ஏத்தத்தில டிக் டிக் எண்டு தட்டினது. 95க்கு மாறவோ?
– வாசகர், சுன்னாகம்

தம்பி, எங்கட ஊரில ஏத்தம் எண்டு சொல்லப் பாலத்தைத் தவிர என்ன இருக்குது, அதாலைதான் இஞ்சை தெரியேல்லை. பாரம், சூடு, குறைஞ்ச வேகத்தில கூட மிதிக்கிறது, இந்த மூண்டும் சேர்ந்தா தட்ட வெளிக்கிடும். ஆனா உங்கட அக்ஸியோ புதுசில 92இல அந்த ஏத்தம் தட்டாமல் ஏறியிருக்கும், இப்ப தட்டுதெண்டா ஏதோ மாறியிருக்குது, அதைத் தேட வேணும். இவ்வளவு வருசம் ஓடின எஞ்சினில பிஸ்டன் தலையில கரி படிஞ்சிருக்கும், அது இடத்தையும் பிடிச்சு சூட்டையும் வைச்சிருக்கும். பிளக் சரியான நம்பர்தானோ எண்டு பாருங்கோ, மலிவுப் பிளக் போட்டு வாற கேஸ் எனக்குக் கனக்க வருது. கூலன்ற் குறைஞ்சிருக்கோ, தேர்மோஸ்ராற் ஒழுங்கா வேலை செய்யுதோ, ரேடியேற்றர் பேன் சுத்துதோ எண்டு பாருங்கோ. நொக் சென்சர் எண்டு ஒண்டு எஞ்சின் புளொக்கில இருக்குது, தட்டுற அதிர்வை அறிஞ்சு கொம்பியூட்டருக்குச் சொல்லும், கொம்பியூட்டர் உடன ரைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், நீங்கள் சத்தம் கேக்க முதலே அது அடங்க வேணும். உங்களுக்கு நிக்காமல் கேக்குதெண்டா அந்தச் சென்சரோ அதின்ர வயரோ பழுதாயிருக்கலாம், ஸ்கானர் போட்டுப் பாத்தாத் தெரியும்.

இதெல்லாம் பாக்கிற வரைக்கும் மலைநாட்டு ஹயர் வந்தா அந்த ஓட்டத்துக்கு மட்டும் 95 அடிச்சுக் கொண்டு போங்கோ, அதில பிழை இல்லை, ஏத்தத்தில கியரைக் குறைச்சுப் பிடியுங்கோ. ஆனா 95 அடிச்ச உடன சத்தம் நிண்டிட்டுது எண்டு போட்டு விட்டிடாதேங்கோ, அது காய்ச்சலுக்கு பனடோல் போட்ட மாதிரி.

கேள்வி: பெஜோ கார் ஒண்டு வாங்கினன், மூடியில 95 எண்டு போட்டிருக்குது. 92 அடிச்சுப் பாத்தன், ஒரு சத்தமும் இல்லை, நல்லா ஓடுது. அப்ப 92யே அடிக்கலாம்தானே?
– வாசகர், சாவகச்சேரி

அடிக்கக் கூடாது அண்ணை. வாகன் ஆர்காரருக்கு 95 வேண்டாம் எண்டு சொன்ன அதே வாயாலதான் உங்களுக்கு 95ஐ விடாதேங்கோ எண்டு சொல்லுறன், மூடியில என்ன கிடக்குதோ அது. சத்தம் கேக்கேல்லை எண்டுறது தட்டேல்லை எண்டு அர்த்தமில்லை, மேல சொன்ன நொக் சென்சர் ரைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வைச்சிருக்குது. அப்பிடி இழுத்தா இழுவை குறையும், அதே வேகத்துக்கு நீங்கள் கூட மிதிப்பியள், பெற்றோல் கூடக் குடிக்கும், மிச்சம் பிடிச்ச காசு அந்த வழியால போகும். டேர்போ உள்ள சின்ன எஞ்சின் எண்டா இன்னும் கவனம், பாரத்தோட மிதிக்கேக்க சில நேரம் சென்சர் பிடிக்க முதலே வலுவா ஒண்டு வெடிக்கும், பிஸ்டன் உடைய அது காணும், அந்த எஞ்சினுக்கு பாட்ஸ் எடுக்க எவ்வளவு முடியும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிஎம்டபிள்யூ, பென்ஸ், அவுடி, ஐரோப்பாவுக்கு எண்டு செய்த எந்த வண்டிக்கும் இதுதான்.

ஒரு நாள் வழியில 95 இல்லையெண்டு 92 அடிக்க வந்தா பதறாதேங்கோ. ராங்கில இருக்கிறதோட கலக்கும், பாதி 95 பாதி 92 எண்டா 93.5 கிட்ட வரும், மெதுவா மிதிச்சு வந்து அடுத்த பெற்றோல் செட்டில 95 அடியுங்கோ. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி கிழமைக்கு 20 லீற்றர் எடுத்த காலத்தில கிடைச்சதை அடிச்சுத்தானே எல்லாரும் ஓடினம். அந்த வருசம் ஜூன் மாசம் 92 லீற்றர் 470, 95 லீற்றர் 550, எண்பது ரூபா வித்தியாசம், அப்பவும் என்னட்ட வாற ஐரோப்பாக் கார்க்காரருக்கு கிடைச்சா 95தான் அடியுங்கோ எண்டுதான் சொன்னனான்.

கேள்வி: பல்சர் பைக்குக்கு ஒக்டேன் பூஸ்டர் போத்தல் ஊத்தினா ஸ்பீட் கூடுமோ அண்ணா?
– வாசகர், நெல்லியடி

கூடாது தம்பி. பைக் புத்தகத்தில என்ன பெற்றோல் எண்டு பார், அதை அடி. போத்தலுக்குக் குடுக்கிற காசுக்குச் செயினையும் பிரேக் பாட்டையும் பார். ஹெல்மெற் பட்டியையும் பூட்டு.

கேள்வி: வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மெஷினுக்கு 95 ஊத்தினால் கன நேரம் ஓடுமோ?
– விவசாயி, புத்தூர்

ஓடாது ஐயா, 92 காணும், அது நசுக்கிறது குறைவான எஞ்சின். மண்ணெண்ணெய் மெஷின் எண்டா பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்திற மாதிரித்தான் செய்திருக்கினம், நிப்பாட்ட முதல் ஒரு நிமிசம் திரும்பப் பெற்றோலில ஓட விட்டா அடுத்த நாள் லேசாப் பிடிக்கும். கானில கன மாசம் வைச்ச பெற்றோலை ஊத்தாதேங்கோ, லேசான பங்கெல்லாம் பறந்து போயிருக்கும், ஸ்ராட் பிடிக்காது, காபரேட்டருக்குள்ள பசை கட்டும்.

கேள்வி: போன மழைக்குப் பிறகு பெற்றோல் அடிச்சுக் கொண்டு வர ரெண்டு கிலோமீற்றரில கார் இழுத்து இழுத்து நிண்டிட்டுது. 92 அடிச்சபடியாலோ? இனி 95 அடிச்சா இப்பிடி வராதோ?
– வாசகி, கொடிகாமம்

பிள்ளை, இது 92ஆல வந்தது இல்லை, தண்ணியால வந்தது போலதான் இருக்குது. இது எனக்கே நடந்தது. நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி கார்த்திகை மாசம், மூண்டு நாள் விடாத மழை, வீட்டுக்குப் போற வழியில ஒரு செட்டில ராங்க் நிறைய அடிச்சன், அடுத்த சந்தி தாண்டேல்லை, கார் குலுக்கத் தொடங்கி நிண்டு போச்சுது. அடுத்த நாள் காலமை கராஜுக்கு இன்னும் ரெண்டு கார் கட்டி இழுத்துக் கொண்டு வந்தவை, மூண்டும் ஒரே செட்டில அடிச்சது. நிலத்துக்குக் கீழ இருக்கிற ராங்க் மூடியால வெள்ளம் இறங்கியிருக்குது. செட்காரர் முதலில ஒத்துக் கொள்ளேல்லை, நான் பெற்றோலை ஒரு வெறும் சோடாப் போத்தலில பிடிச்சுக் கொண்டு போய் மேசையில வைச்சன், மேல மஞ்சள் ஓடின பெற்றோல், அடியில ரெண்டு விரல் உயரத்துக்குத் தெளிஞ்ச தண்ணி, நடுவில கோடு போட்ட மாதிரிப் பிரிஞ்சு நிக்குது. போத்தலைச் சரிச்சா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், பெற்றோலோட கலக்காது. அதைப் பாத்த பிறகுதான் மூண்டு பேருக்கும் காசு திருப்பித் தந்தவை.

தண்ணிக்கு ஒக்டேன் தெரியாது, 95 ராங்குக்குள்ளயும் இறங்கும். சிலவேளை கூடவும் நடக்கலாம், ஏனெண்டா எங்கட பக்கத்தில 95 கன பேர் அடிக்கிறேல்லை, ஆறுதலா ஓடுற ராங்கில பெற்றோல் கன நாள் கிடக்கும். ஆகவே நான் நம்பரைப் பாக்கிறதை விட ஆக்கள் கூடுதலா வந்து போற, பெற்றோல் அடிக்கடி வந்து இறங்கிற செட்டைப் பாத்து அடிக்கச் சொல்லுவன். பவுசர் வந்து இறக்கிக் கொண்டு நிக்கேக்க அடிக்காதேங்கோ, இறக்கேக்க அடியில கிடக்கிற தண்ணியும் மண்டியும் கலங்கி மேல வரும், கொஞ்ச நேரம் பொறுத்துப் போங்கோ. மழைக் காலத்தில ராங்கை அரைவாசிக்குக் கீழ விடாமல் வைச்சிருங்கோ. பில் வாங்குங்கோ, நேரமும் பம்ப் நம்பரும் அதில இருக்கும்.

இப்ப உங்கட காரை ஸ்ராட் பண்ணிப் பண்ணிப் பாக்காதேங்கோ, பெற்றோல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதாகும். ராங்கை முழுக்க இறக்கி, பில்டர் மாத்தி, லைனைக் கழுவ வேணும். இறக்கேக்க ஒரு போத்தல் பிடிச்சு வையுங்கோ, பிடிக்க முதல் போத்தலைக் கழுவி வெயிலில நல்லாக் காய விடுங்கோ, பிடிச்சதை அடுப்படிக்குள்ள கொண்டு போகாமல் வெளியில நிழலில மூடி வைச்சு அரை மணித்தியாலம் ஆடாமல் விட்டிட்டுப் பாருங்கோ. அடியில கோடு தெரிஞ்சா அந்தப் போத்தலையும் பில்லையும் எடுத்துக் கொண்டு ஆரையும் கூட்டிக் கொண்டு செட்டுக்குப் போங்கோ.